பக்தி மிகுந்த நாடு ஏழைக்கு ஈயும் நாடுதானா? கொடை நோட்டிலிருந்து கணக்குப் பார்க்கும் முறை

திருநெல்வேலிச் சீமையில் ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் விழாவுக்குக் கொடை என்று பெயர். சுடலைமாடன் கொடை, முத்தாரம்மன் கொடை, பேச்சியம்மன் கொடை என்று சித்திரை தொடங்கி ஆவணி வரை ஏதாவது ஓர் ஊரிலிருந்து வில்லுப்பாட்டுச் சத்தம் காற்றில் வந்துகொண்டே இருக்கும். இல்லாதவருக்குக் கொடுப்பதற்கும் தமிழில் அதே சொல்தான் வழங்குகிறது. "எங்க ஊர்ல கொடைக்கு ஒரு கொறையும் கெடையாது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அவர் எந்தக் கொடையைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அவரே இரண்டையும் பிரித்து யோசித்திருக்க மாட்டார்.

நாடுகளைப் பற்றிய பேச்சிலும் இதே குழப்பம் நேர்கிறது. இது இந்து நாடு, அது கிறிஸ்தவ நாடு, இன்னொன்று இஸ்லாமிய நாடு என்று சொல்லும்போதே, அந்தந்தச் சமயம் ஏழைக்கு இரங்கச் சொல்வதால் அந்த நாடும் இரங்குகிறது என்ற முடிவு அழையாமலே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மறுத்துப் பேசுகிறவர்களோ, பக்தி உள்ள நாடெல்லாம் வறுமையில் கிடக்கிறது, பக்தி குறைந்த நாடுதான் ஏழையைக் காப்பாற்றுகிறது என்று அதே வேகத்தில் எதிர் முடிவுக்குப் போகிறார்கள். இரு தரப்பாரும் கணக்கு நோட்டைத் திறந்து பார்த்தவர்கள் அல்லர். தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தக் கேள்வியை ஒரு தனி மனிதர் தம் ஊரிலிருந்தே எப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்பதை எழுதுகிறேன். இதற்கு ஒரு நீளமான நோட்டு, ஒரு நல்ல நூலகம், ஏறத்தாழ ஓர் ஆண்டுப் பொறுமை ஆகியவை போதும்.

நாட்டின் சமயம் என்பது எது

"இந்த நாட்டின் சமயம்" என்ற தொடரை முதலில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் எழுதியிருக்கும் சமயம் ஒன்று; மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரும்பான்மையோர் சொல்லும் சமயம் ஒன்று; வழிபாட்டுக்கு உண்மையில் எத்தனை பேர் போகிறார்கள் என்ற நடைமுறை ஒன்று. டென்மார்க்கின் அரசியலமைப்பு லுத்தரன் திருச்சபையை நாட்டின் திருச்சபை என்று சொல்லி, அதை அரசு ஆதரிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஆனால் சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள தேவாலயங்களில் கூட்டம் மிகக் குறைவு. அமெரிக்காவின் அரசியலமைப்பு எந்தச் சமயத்தையும் அரசுச் சமயமாக நிறுவக் கூடாது என்கிறது. ஆனால் 1956 முதல் கடவுள் நம்பிக்கையை அறிவிக்கும் தொடரே அந்நாட்டின் அதிகாரபூர்வ முழக்கமாக இருக்கிறது. இந்தோனேசியாவில் மக்களில் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள் என்றாலும், அதன் அரசியலமைப்பு அதை இஸ்லாமிய நாடு என்று சொல்வதில்லை. நேபாளம் 2006 வரை சட்டப்படி இந்து நாடாக இருந்தது. அந்தச் சொல் நீங்கியதால் பசுபதிநாதர் கோயில் வாசலில் மறுநாள் காலையில் கூட்டம் குறைந்துவிடவில்லை. நம் அரசியலமைப்பின் முகப்புரையில் சமயச்சார்பற்ற என்ற சொல் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்ந்தது. அதற்கு முன்பும் பின்பும் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரின் வடத்தைப் பிடித்த கைகள் ஒன்றுதான்.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில், எந்தப் பொருளில் அந்தத் தொடரைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு அதை மாற்றாமல் இருங்கள். தம் சமயத்துக்கு நூலில் உள்ள உபதேசத்தையும், பிறர் சமயத்துக்குத் தெருவில் உள்ள நடப்பையும் எடுத்து ஒப்பிடுவதுதான் இத்துறையில் மிகுதியாக நடக்கும் ஏமாற்று. பலர் அதைத் தெரியாமலே செய்கிறார்கள்.

ஈகை என்று எதை எழுதுவது

வறியவர்க்குக் கொடுப்பது மட்டுமே ஈகை என்றும், மற்றவையெல்லாம் குறியெதிர்ப்பை, அதாவது அளந்து கொடுத்ததை அதே அளவில் திரும்ப வாங்கிக்கொள்ளும் கைம்மாற்று என்றும் வள்ளுவர் வரையறுத்திருக்கிறார். இதைவிடக் கறாரான தணிக்கை விதியை நான் எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதுவது குறியெதிர்ப்பை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். பேர் பொறித்த குழல்விளக்கு, மண்டகப்படி, உபயதாரர் பலகை ஆகியவற்றுக்கு வரும்போதுதான் சிலருக்கு முகம் சுருங்கும்.

நோட்டில் நான்கு கட்டங்கள் போடுங்கள். தெய்வத்துக்கும் வழிபாட்டுக்கும் ஆன செலவு முதல் கட்டம். தம்மவர் கூடி உண்டு மகிழ்ந்த செலவு இரண்டாவது. தம் சமயத்தை அல்லது தம் சமுதாயத்தைச் சேர்ந்த ஏழைக்குப் போனது மூன்றாவது. எந்த உறவும் இல்லாத ஏழைக்குப் போனது நான்காவது. முதல் இரண்டு கட்டங்களில் விழுவது தவறு என்று நான் சொல்லவில்லை. தேர் ஓடுவதும் வில் அடிப்பதும் ஓர் ஊர் உயிரோடு இருப்பதற்கு வேண்டியவைதான். அவற்றை ஏழைக்குக் கொடுத்த கணக்கில் எழுதக் கூடாது என்பது மட்டுமே இங்குள்ள விதி.

இந்தப் பிரிவினை இல்லாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு உலக அளவில் நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிரிட்டனில் உள்ள ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் உலக ஈகைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டு வந்தது. கடந்த மாதத்தில் முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவினீர்களா, பணம் கொடுத்தீர்களா, உழைப்பைக் கொடுத்தீர்களா என்ற மூன்று கேள்விகளே அதன் அடிப்படை. 2015, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் அதில் முதலிடம் பெற்றது மியான்மர். பெரும்பான்மையோர் தேரவாத பௌத்தர்களாகிய அந்த நாட்டில், காலையில் துறவிகளின் பாத்திரத்தில் சோறிடுவதும் மடத்துக்குச் சிறு காணிக்கை கொடுப்பதும் அன்றாட வழக்கம் என்பதால், பணம் கொடுத்தீர்களா என்ற கேள்விக்கு மிகப் பலர் ஆம் என்றார்கள். அந்த 2017ஆம் ஆண்டில்தான் அந்நாட்டிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு ஓட நேர்ந்தது. பட்டியல் பொய் சொல்லவில்லை. கொடுக்கும் பழக்கத்தைத்தான் அது அளந்தது. யாருக்குக் கொடுத்தார்கள் என்று அது கேட்கவே இல்லை.

ஆகவே எந்தப் பட்டியலை எடுத்தாலும், தர வரிசையைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட கேள்விகளைப் படியுங்கள்.

ஊர்க் கணக்கு

நாட்டுக் கணக்கைப் பார்ப்பதற்கு முன், கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடிய ஒரு சிறு கணக்கில் கை பழக வேண்டும். அதற்குக் கொடைக் கணக்கைவிட நல்லது கிடையாது. அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில் என்றால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனுக் கொடுத்து வரவு செலவைக் கேட்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஊர்க்கொடைக் கணக்கு அப்படி அல்ல. அது ஊராரின் சொந்த நோட்டு. பொருளாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கருப்பட்டிக் காப்பி குடித்து, மெதுவாகத்தான் கேட்க வேண்டும்.

தாமிரபரணிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் நான் அப்படிக் கேட்டபோது பொருளாளர் தயங்காமல் நோட்டை எடுத்துக் கொடுத்தார். நீள நோட்டு, ஓரத்தில் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. தலைக்கட்டு, அதாவது குடும்பம், வாரியாக வரி வரவு, வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்களின் நன்கொடை, பிறகு செலவு: பந்தல், சீரியல் லைட், மைக் செட், வில்லு, நையாண்டி மேளம், பூ, கிடா, வாணம், அன்னதானம். கூட்டல் ஓர் இடத்திலும் பிசகவில்லை.

"இதுல ஏழைக்குன்னு தனியா என்ன போயிருக்குன்னு பாக்கணும் அண்ணாச்சி" என்றேன்.

"என்ன அண்ணாச்சி இப்பிடிக் கேக்கிய? எல்லாரும் ஒரே பந்தியிலதான இருக்காவ. சாமி முன்னால ஏழை என்ன, பணக்காரன் என்ன?" என்றார் அவர்.

அவர் சொன்னதில் ஓர் அழகு இருக்கிறது. ஆனால் கணக்கு எழுத அது உதவாது. கணக்கை எப்படிப் பிரிப்பது என்பதை, எங்கள் ஊர் எண்களை விட்டுவிட்டு, விளங்குவதற்காக உருண்டை எண்களில் காட்டுகிறேன். இருநூறு தலைக்கட்டு, தலைக்கு 3,000 ரூபாய் வரி, ஆக வரவு 6,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் அன்னதானத்துக்கு 1,00,000 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் ஆறில் ஒரு பங்கு தர்மத்துக்குப் போனதாகத் தெரியும். இப்போது பந்தியில் விழுந்த இலைகளை எண்ணுங்கள். ஆயிரம் இலை என்றால், அவற்றில் 940 இலை வரி கொடுத்த வீட்டாரும் அவர்கள் விருந்தாளிகளும் உண்டவை. அவர்கள் உண்டது தாங்கள் கொடுத்த சோறு. மீதி 60 இலைதான் வரி கொடுக்க இயலாதவருக்கும் வழிப்போக்கருக்கும் போனது. ஓர் இலைக்கு 100 ரூபாய் வீதம் 6,000 ரூபாய். மொத்த வரவில் நூற்றுக்கு ஒன்று. ஆறில் ஒன்றும் நூற்றில் ஒன்றும் ஒரே நோட்டிலிருந்து வந்தவை என்பதைக் கவனியுங்கள். நாடுகளின் ஈகையைப் பற்றி வரும் புள்ளிவிவரங்களில் பாதிக்கு மேல் இந்த இலை எண்ணும் வேலையைச் செய்யாதவை என்பது என் கணிப்பு.

இதோடு நிறுத்தினால் தணிக்கை பாதிதான். வரி தலைக்கட்டுக்கு ஒரே அளவு என்பதால், வயலும் கடையும் உள்ளவரும் 3,000 ரூபாய், பீடி சுற்றும் வீட்டாரும் 3,000 ரூபாய். பின்னவர் அதை வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருப்பார். கைம்பெண்ணின் வீட்டுக்கு அரை வரி என்று வைக்கும் ஊர்கள் உண்டு. அது இரக்கம் போலத் தெரிந்தாலும், அரை வரிக்கு ஊர்க்கூட்டத்தில் எத்தனை குரல் என்று கேட்டால் பதில் வராது. ஆகவே நான்கு கட்டங்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, ஏழையிடமிருந்து வாங்கியது என்று தலைப்பிடுங்கள். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியதில், எங்கள் ஊரில் அந்த ஐந்தாவது கட்டத்தின் தொகை மூன்றாவதையும் நான்காவதையும் கூட்டியதைவிடப் பெரியதாக வந்தது. அன்று இரவு நான் அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு மறுநாள்தான் மீண்டும் எடுத்தேன்.

யார் ஏழை என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். ஊரில் 35 கிலோ அரிசி வாங்கும் அந்த்யோதயா அட்டைகள் (மிக வறிய குடும்பங்களுக்கானவை) எத்தனை, முதியோர் உதவித்தொகை வாங்குவோர் எத்தனை பேர், தனியே வாழும் கைம்பெண்களின் வீடுகள் எத்தனை என்று மூன்று எண்களை எடுத்தால், ஈந்த தொகையை வகுத்துப் பார்க்க ஏழைகளின் எண்ணிக்கை ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

பந்தியிலும் வாசலிலும் நிற்பது

நோட்டில் தெரியாதவை சில உண்டு. அவற்றை உச்சி வெயிலில் போய் நின்றுதான் பார்க்க வேண்டும். இதில் நானே ஒரு தவறு செய்தேன். நாள்தோறும் மதியம் சோறு போடும் ஓர் இடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து, சாப்பிட்டவர் எண்ணிக்கையை அப்படியே ஏழைகள் என்று எழுதிக்கொண்டு வந்தேன். வெளியே தெருக்கூட்டும் அம்மா ஒருவரிடம் பேச்சுவாக்கில், நீங்கள் உள்ளே போய்ச் சாப்பிடுவதில்லையா என்று கேட்டேன். "எனக்கு வேல முடியவே ரெண்டு மணி ஆயிரும்யா. அதுக்குள்ள டோக்கன் தீந்துரும்" என்றார். அடுத்த வாரம் உண்டவர்களிடமே விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் தரிசனத்துக்கு வந்த வெளியூர்க் குடும்பத்தார் என்று தெரிந்தது. பழைய ஏழு பக்கத்தையும் அடித்துவிட்டேன். சோறு போடும் நேரம் வேலைக்குப் போகும் ஏழையின் நேரத்தோடு பொருந்துகிறதா என்பது அன்றிலிருந்து என் முதல் கேள்வி ஆயிற்று.

நேரத்தைப் பற்றி இஸ்லாமியச் சட்டம் மிக நுட்பமாக யோசித்திருக்கிறது. பெருநாள் தொழுகைக்கு முன்பே ஃபித்ரா தர்மத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அன்று ஏழை வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். ஜகாத்தோ ஆண்டு முழுதும் கையிருப்பில் நின்ற செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு; அதைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைக் குர்ஆனே வரிசைப்படுத்தி, வறியவரையும் தேவையுள்ளவரையும் முதலில் வைக்கிறது. ஆகவே ஒரு ஜமாஅத்தின், அதாவது பள்ளிவாசல் சமுதாயத்தின், கணக்கைப் பார்க்க வாய்த்தால், எவ்வளவு பிரிந்தது என்பதைவிட எட்டு வகையில் எந்த வகைக்கு எவ்வளவு போனது என்று பாருங்கள். ரமலான் மாதத்து மாலையில் மேலப்பாளையம் பக்கம் போனால், நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நிற்கும் சிறுவர்களையும் பார்க்கலாம். நோன்பு வைத்தாயா என்று கேட்காமல் ஊற்றப்படும் ஒவ்வொரு வாளியும் நான்காவது கட்டத்தில் எழுத வேண்டியது.

நம் பக்கத்துத் தேவாலயங்களில் நடக்கும் அசனமும் இப்படிப் பார்க்கத் தக்கது. பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் ஆக்கி, சபையார் எல்லாரும் உட்கார்ந்து உண்ட பிறகு, பாத்திரம் கொண்டு வந்தவர்களுக்கு வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார்கள். இங்கே எண்ண வேண்டியது இலைகளை அல்ல, பாத்திரங்களை. யார் முதலில் வாங்குகிறார், யார் அண்டா வழித்தெடுக்கும் நேரத்தில் கூப்பிடப்படுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அய்யாவழியினரின் வழிபாட்டு இடங்களாகிய நிழல் தாங்கல்களில், தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம் என்ற வாக்கு நாள்தோறும் ஒலிக்கிறது. அங்கே போகிறவர்கள் அந்த வாக்கையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம், வேறு தேட வேண்டாம்.

எந்த ஏழை, எந்த நிபந்தனை

இங்கிலாந்தில் 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், ஒவ்வொரு திருச்சபை வட்டமும் தன் எல்லைக்குள் வரி பிரித்துத் தன் ஏழைகளைக் காக்க வேண்டும் என்று விதித்தது. ஒரு கிறிஸ்தவ அரசு ஏழைக்காகச் சட்டம் போட்டே வரி வாங்கியது என்று பெருமையாகச் சொல்லலாம். ஆனால் 1662இல் வந்த மற்றொரு சட்டம், வேற்று வட்டத்திலிருந்து வந்து பிறகு பாரமாகக் கூடும் என்று தோன்றும் ஏழையை அவன் பழைய வட்டத்துக்கே திருப்பி அனுப்ப இடம் கொடுத்தது. நம் ஏழை, அடுத்தவர் ஏழை என்ற கோடு அங்கே சட்டமாகவே ஆயிற்று. நம் ஊர்களில் அந்தக் கோடு எழுதப்படாமல் இருக்கிறது; செங்கல் சூளைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பம் கொடைப் பந்தியில் எங்கே உட்காருகிறது என்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்.

நிபந்தனை என்பது இன்னும் சிக்கலானது. இதில் அவசரப்படக் கூடாது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த கிறிஸ்தவ மிஷனரி இரேனியுஸ் ஐயர், புதிதாகச் சமயம் மாறியதால் இருந்த இடத்தை இழந்தவர்களைக் குடியமர்த்த நிலம் வாங்குவதற்காகத் தர்ம சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின்போது மிஷனரிகளான கால்டுவெல் இடையன்குடியிலும் சார்ஜென்ட் பாளையங்கோட்டையிலும் செய்த நிவாரணத்தை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் திருச்சபையில் சேர்ந்தனர். சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்று அன்றே ஏளனம் எழுந்தது. அந்த ஏளனத்தை எழுதுகிறவர், அதே பஞ்சத்தில் ஏளனம் செய்தவர்களின் களஞ்சியங்கள் யாருக்குத் திறந்தன என்ற கேள்வியையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். வாங்கியவர் வணங்க வேண்டியிருந்ததா, கொடுத்தது நின்ற பிறகும் அவர் மரியாதையாக வாழ முடிந்ததா என்ற இரண்டையும் கேட்டால் பெரும்பாலும் நியாயமான விடை கிடைக்கும். பெண்பிள்ளைகளுக்கு அடைக்கலமாக 1901இல் தொடங்கிய டோனாவூர் இல்லம், பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் எழுந்த பள்ளிகள் ஆகியவற்றை இந்தக் கேள்விகளோடு படிப்பது, புகழ்வதையும் இகழ்வதையும்விடப் பயன் தரும்.

அரசின் கை

நாட்டுக் கணக்குக்கு வரும்போது, தனி மனிதர் கொடுப்பதை மட்டும் எண்ணினால் பெரும் பகுதி விடுபட்டுப் போகும். 1956இல் காமராசர் பள்ளி மதிய உணவை எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். அன்று எட்டயபுரம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. ஊராரின் பங்கும் அரசின் பங்கும் சேர்ந்து அந்தச் சோறு வெந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும், 2022இல் காலை உணவு வந்தபோதும் செலவு பெரும்பாலும் வரிப்பணத்துக்கு மாறிவிட்டது. தட்டு ஏந்தும் பிள்ளையிடம் எந்தச் சமயம் என்று யாரும் கேட்பதில்லை. வரி கொடுத்தவரும் தாம் ஈந்ததாக நினைப்பதில்லை. ஆனால் இலை எண்ணும் முறைப்படி, நான்காவது கட்டத்தில் இதற்கு நிகரான தொகை எந்தச் சமய நிறுவனத்தின் நோட்டிலும் எனக்குத் தென்படவில்லை.

சமயமும் அரசும் ஒரே கையாகும்போது என்ன நேரும் என்பதற்குப் பாகிஸ்தானைப் பாருங்கள். 1980ஆம் ஆண்டின் ஜகாத் அவசரச் சட்டத்தின்படி, ரமலான் முதல் நாளன்று வங்கிச் சேமிப்புக் கணக்குகளிலிருந்து இரண்டரை விழுக்காடு தானாகப் பிடிக்கப்பட்டது. ஷியா பிரிவினர் எதிர்த்துப் போராடி விலக்குப் பெற்றனர். மற்றவர்களில் பலர் ரமலான் பிறப்பதற்கு முன்பே பணத்தை எடுத்துவிடும் வழக்கத்துக்கு வந்தனர். அப்படி எடுத்தவர்கள் ஈகை இல்லாதவர்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். அரசின் கையில் கொடுக்காமல், தெரிந்த ஏழையின் கையில் கொடுக்க விரும்பியவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

டென்மார்க்கையும் அமெரிக்காவையும் எதிரெதிரே வைத்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். அமெரிக்கர் தனிப்பட்ட முறையில் கொடுப்பதில் உலகில் முன்வரிசையில் இருப்பவர்கள். அந்த நன்கொடையில் மிகப் பெரிய ஒற்றைப் பங்கு சமய அமைப்புகளுக்கே போகிறது. டேனியர் வரியாகக் கொடுக்கிறார்கள். நாட்டின் இடைநிலை வருமானத்தில் பாதிக்கும் கீழே வாழ்வோரை ஏழை என்று வைத்துக்கொண்டால், அமெரிக்காவில் அவர்களின் விகிதம் டென்மார்க்கைப் போல் இரு மடங்குக்கும் மேல். பணக்கார நாடுகள் தம் வருமானத்தில் 0.7 விழுக்காட்டை ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1970இல் வகுத்த இலக்கை டென்மார்க் பல பத்தாண்டுகளாக எட்டி வந்திருக்கிறது. அமெரிக்கா மொத்தத் தொகையில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தும், விகிதத்தில் அந்த இலக்கின் பாதியைக்கூட எட்டவில்லை. இதை வைத்துப் பக்தி குறைந்தால் ஈகை கூடும் என்று எழுதிவிடாதீர்கள். டேனியரின் பொதுநல அமைப்பு லுத்தரன் வட்டங்களின் பழைய ஏழையர் காப்பிலிருந்து வளர்ந்தது என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. பக்தி போன பிறகும் பழக்கம் நிலைத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அதையும் மறுப்பது எளிதல்ல.

ஐந்தாவது கட்டத்தை நாட்டுக்கும் போடுங்கள். சோப்புக்கும் செருப்புக்கும் கொடுக்கும் மறைமுக வரி, ஏழையின் வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்க்காமல், அவருக்குக் கொடுத்த அரிசியை மட்டும் எழுதுவது அரைத் தணிக்கை.

எண்களை எடுக்கும்போது எல்லைகளைக் கவனியுங்கள். 1986க்கு முந்திய திருநெல்வேலி மாவட்டக் கணக்கில் தூத்துக்குடி அடங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் உள்ள திருநெல்வேலியில், 2019இல் பிரிந்த தென்காசி அடங்கும். இதைப் பார்க்காமல் ஒப்பிட்டு, ஏழைகள் திடீரென்று குறைந்துவிட்டதாக எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேரிடர்க் காலத்து ஈகையையும் தனியே வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் ரயிலின் பயணிகளுக்கு, தாங்களே வெள்ளத்தில் இருந்த புதுக்குடி மக்கள் சமைத்துக் கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அது மூன்று நாள் கணக்கு. முந்நூற்று அறுபத்தைந்து நாள் கணக்கோடு அதைக் கூட்டினால் இரண்டுமே கெடும்.

எழுதி முடித்த பிறகு

முடிவை எழுதும்போது நாட்டின் பெயரையும் சமயத்தின் பெயரையும் ஒரே வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையுமாக வைக்காதீர்கள். எந்த ஆண்டு, எந்தப் பொருளில் சமயம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று எழுதினால், உங்களோடு சண்டை போட வருகிறவரும் எண்ணைத்தான் மறுக்க வேண்டியிருக்கும். ஊர்க் கணக்கை யாரிடம் வாங்கினீர்களோ அவரிடம் முதலில் காட்டுங்கள். அதுவும் அடுத்த கொடைக்கு வரி பேசும் கூட்டத்துக்கு முன்பே காட்டுங்கள். சித்திரையில் கொடை என்றால் மாசியில் கொடுத்துவிட வேண்டும்.

நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது பொருளாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மற்றக் கட்டங்களைப் புரட்டிவிட்டு, ஐந்தாவதில் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"கைம்பொண்ணு வீடு பதினொண்ணுன்னு போட்டிருக்கிய. பன்னெண்டு அண்ணாச்சி. மேலத்தெரு ஆச்சிய விட்டுட்டிய" என்று சொல்லித் திருத்தினார்.